கவிதை மொய்

எங்கள் கோட்டையூர் வீட்டுப் பரணில் 312 புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே புத்தகம். எழுதியவன் நான்.

பயப்படாதீர்கள், உங்கள் தலையில் கட்ட வரவில்லை. கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். பி.காம். படித்தவன், கணக்கு சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 2019-ல் அடித்தது 500 பிரதி. வெளியீட்டு விழா அன்று விற்றது 96. சொந்தபந்தம், பழைய வாத்தியார்கள், வேறு ஏதோ வேலையாக வீட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டவர்கள் வகையில் இலவசம் 70. காரைக்குடியில் ஒரு கடையில் வைத்துவிட்டு வந்ததில் போனது 22. மிச்சம் 312. ஐந்தொகை டாண் என்று நிற்கிறது. கவிதைதான் நிற்கவில்லை.

அப்பச்சி இத்தனை வருஷத்தில் பரணை அண்ணாந்து பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார். “ஏம்ப்பா, இதுக்கு வட்டி ஏதும் வருமா?”

செட்டிநாட்டில் எந்தப் பொருளைப் பற்றியும் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி அது. என்னிடம் பதில் இல்லை.

போன மாசம் காரைக்குடியில் ஒரு கவியரங்கம். மேடையில் 21 கவிஞர்கள். கீழே 34 பேர். அதில் 19 பேர் அடுத்த அமர்வில் வாசிக்க வேண்டியவர்கள். 6 பேர் வாசிக்கிறவர்களின் மனைவிமார். 2 பேர் மதியம் பந்தி பரிமாற வந்தவர்கள். மீதி ஏழு பேரில் நான் ஒருத்தன், மைக் செட்காரர் ஒருத்தர்.

தலைமைக் கவிஞர் நெகிழ்ந்துபோய், “இந்த ஒரு மேடையில் மட்டும் இத்தனை கவிஞர்கள்! தமிழுக்கு இனி என்ன குறை?” என்றார். கைதட்டல். மைக் செட்காரர் வயரைச் சுற்றிக்கொண்டே என் பக்கம் குனிந்து, “எல்லாரும் பாடுனா யாருண்ணே கேக்கிறது?” என்றார்.

கவிஞர்களிடம் அன்று கேட்காத சந்தம் அவர் கேள்வியில் இருந்தது. கோட்டையூர் டவுன் பஸ்ஸில் வீடு திரும்பும்போது அதுவே ஓடிக்கொண்டிருந்தது. கவிஞர்கள் பெருகினால் கவிதைக்கு நல்லதா, கெட்டதா?

கேள்வி ஒன்றும் புதுசில்லை. படிக்காசுப் புலவர் பெயரில் ஒரு தனிப்பாட்டு உண்டு. அவர் காலம் சுமார் முந்நூறு வருஷத்துக்கு முன்னால். தப்பாகப் பாடுகிறவன் தலையில் குட்டப் பிள்ளைப் பாண்டியன் இப்போது இல்லை, காதை அறுக்க வில்லிபுத்தூரார் இல்லை, தலையையே எடுக்க ஒட்டக்கூத்தர் இல்லை. அதனால் கண்டவனும் புலவன் என்று கிளம்பிவிட்டான் என்று அந்தப் பாட்டு நொந்துகொள்கிறது. ஆக, ‘கவிஞர்கள் ஜாஸ்தியாயிட்டாங்க சார்’ என்கிற புலம்பல் அப்போதே தயார். வில்லிபுத்தூரார் மட்டும் அந்தக் காரைக்குடி மேடைக்கு வந்திருந்தால் 42 காது. 2020-ல் மாஸ்க் மாட்டுவதற்கு நாங்கள் ரொம்பச் சிரமப்பட்டிருப்போம்.

இன்னும் பின்னால் போனால் கூட்டம் குறையும் என்று பார்த்தால், அதிகமாகிறது. சங்கப் பாடல்கள் 2381. பாடியவர்கள் 473 பேர். இதில் கபிலர் ஒருத்தரே 235 பாட்டு; கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு அவர் கணக்கு. மறு கோடியில் நிறையப் பேர் வாழ்நாள் சேமிப்பே ஒரு பாட்டுத்தான். யார் இவர்களெல்லாம்? ஒருத்தர் மதுரையில் தானிய வியாபாரி. இன்னொருத்தர் அதே மதுரையில் ஜவுளிக் கடை. ஒருத்தர் பொற்கொல்லர். ஒருத்தர் மருத்துவர். பேருக்கு முன்னாலேயே தொழிலைப் போட்டு, கூலவாணிகன், அறுவை வாணிகன் என்று விசிட்டிங் கார்டு மாதிரி எழுதிவைத்திருக்கிறார்கள். பகலில் கல்லாப்பெட்டி, ராத்திரி கவிதை. நம்ம ஆபீஸ் கோஷ்டிதான் சார்.

சில பேருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. பாட்டில் வருகிற ஒரு சொற்றொடரையே பெயராக வைத்துவிட்டார்கள். குறுந்தொகையின் செம்புலப்பெயல்நீரார் அப்படிப்பட்டவர். ஊர் தெரியாது, அப்பா பேர் தெரியாது, அவர் பேரில் இன்னொரு பாட்டு கிடையாது. அந்த ஒரே பாட்டுக்கு இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகையில் இடம் இருக்கிறது. குறுந்தொகையில் 401 பாட்டு, 205 புலவர்கள். ‘கவிஞர்கள் அதிகம், முதல் பத்துப் பேரோடு நிறுத்திக்கொள்வோம்’ என்று அன்றைக்கு யாராவது முடிவு செய்திருந்தால் இவர் உள்ளே வந்திருக்க முடியாது.

ஆனால் ஒரு விஷயம். அந்தக் கூட்டத்திலிருந்து குறுந்தொகையைத் தொகுத்தவர் என்று பூரிக்கோ என்பவர் பெயர் சொல்லப்படுகிறது. அந்த மனுஷர் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறார் பாருங்கள். அதை நினைத்தால்தான் எனக்கு மலைப்பாக இருக்கிறது. எழுதுவது பெரிய காரியமில்லை சார். 205 பேரையும் ஒருத்தன் படிப்பதுதான் காரியம்.

எங்கள் ஊரிலும் ஒரு பூரிக்கோ இருந்தார். சொன்னால் கோட்டையூர்க்காரன் பெருமை என்பீர்கள். பரவாயில்லை.

ரோஜா முத்தையா செட்டியார். தொழில், சைன்போர்டு எழுதுவது. பொழுதுபோக்கு, அச்சான தமிழ்க் காகிதம் எதையும் விடாமல் சேர்ப்பது. பெரிய புத்தகம், சின்னப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் என்று பேதம் கிடையாது. 1992-ல் அவர் காலமானபோது கோட்டையூர் வீட்டில் இருந்தது சுமார் ஒரு லட்சம் இனங்கள். சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கி, கப்பல் ஏற்றாமல், சென்னையிலேயே வைத்தது. 1996 முதல் ஆராய்ச்சிக்காரர்கள் அதில் புரண்டுகொண்டிருக்கிறார்கள். முதலில் முகப்பேர், இப்போது தரமணி.

அந்த மாதிரி சேகரிப்புகளில் என்ன கிடைக்கும் என்கிறீர்கள்? கவிஞர்கள்தான். 1835-ல் மெட்காஃப் காலத்தில் அச்சுக்கூடக் கட்டுப்பாடு தளர்ந்தபிறகு தமிழில் அச்சகம் பெருகியது. கூடவே பாட்டுப் புத்தகமும் பெருகியது. சிந்து, கும்மி, தெம்மாங்கு. ரயில் கவிழ்ந்தால் ஒரு பாட்டு, வெள்ளம் வந்தால் ஒரு பாட்டு, கொலை விழுந்தால் நாலு பாட்டு. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணாவுக்கு விற்றது. படித்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நூறு வருஷம் கழித்து அந்தக் குப்பையில்தான் அந்தக் காலத்து ஜனங்களின் குரல் இருக்கிறது என்று சரித்திரக்காரர்கள் கண்டுகொண்டார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதி 2004-ல் ‘முச்சந்தி இலக்கியம்’ என்று ஒரு புத்தகமே போட்டார்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று குறுக்கே வருகிறது. மன்னிக்கவும்.

எங்கள் ஐயாவும் கவிஞர். அப்பச்சியின் அப்பா. 1960-களில் பழனி முருகன் மேல் ஒரு பாட்டுப் புத்தகம் எழுதி, 16 பக்கம், சொந்தக் காசில் அச்சடித்தார். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடி பழனிக்கு நடந்து போகும் அல்லவா, நடக்கிறவர்கள் களைப்புத் தெரியாமல் பாடிக்கொண்டு போகட்டும் என்று. கொஞ்சம் பேர் பாடியும் இருக்கிறார்கள். அப்புறம் ஒரு வித்வான் அதை வாங்கிப் புரட்டிவிட்டு, மூணாம் பாட்டில் தளை தட்டுகிறது என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாராம். ஐயா ஒன்றும் பேசவில்லையாம். வீட்டுக்கு வந்து மிச்சப் பிரதியை எல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். அப்புறம் பேரேட்டைத் தவிர எதிலும் அவர் பேனா வைக்கவில்லை.

அதே ஊரில், கல்யாணப் பத்திரிகையைக்கூடத் தூக்கிப் போட மனசு வராத ஒருத்தர் இருந்தார். ஒரே ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். வெட்கம்.

அப்பத்தாவுக்கு அதில் ரெண்டு பாட்டு மனப்பாடம். இரண்டாம் கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போது முனகும். “உங்க ஐயா பாட்டுடா” என்று சொல்லும். நானும் “ம்” என்பேன். எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அப்போது நான் என் தொகுப்புக்கு அட்டைப்படம் தேர்வு செய்வதில் மும்முரமாக இருந்தேன். 2019-ல், என் புத்தகம் வந்து ரெண்டு மாசத்தில், அப்பத்தா கண்ணை மூடியது. அந்த ரெண்டு பாட்டும் அதோடு போயிற்று.

போன வருஷம் சென்னை போனபோது, ஒரு நப்பாசையில் தரமணிக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு. அதே அளவில், அதே மாதிரி மெல்லிசு காகிதத்தில், ஏதேதோ ஊர் முருகன் மேல், அம்மன் மேல், யார் யாரோ எழுதிய பாட்டுப் புத்தகங்கள். எல்லாம் யாரோ ஒருத்தருடைய ஐயா. ஒன்றை எடுத்துப் படித்தேன். தளை தட்டியதா என்று எனக்குத் தெரியவில்லை, பி.காமில் யாப்பு கிடையாது. ஆனால் நடந்து போகிறவனின் மூச்சு அதில் இருந்தது.

அதனால் ‘கவிஞர்கள் குறைந்தால் தேவலை’ என்று யாராவது சொன்னால் எனக்கு வெந்நீர் அடுப்புதான் ஞாபகத்துக்கு வருகிறது.

புதுக்கவிதை வந்த கதை உங்களுக்குத் தெரியும். 1959-ல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ ஆரம்பித்தார். 1962-ல் அவர் போட்ட ‘புதுக்குரல்கள்’ தொகுப்பில் 24 பேர். இருபத்து நாலே பேர்! ஒரு வேனில் ஏற்றிவிடலாம். எழுபதுகளில் கோவையில் வானம்பாடிகள் வந்தார்கள். எங்கள் சிவகங்கையில் கல்லூரிப் பேராசிரியர் மீரா 1971-ல் ‘கனவுகள் + கற்பனைகள் = காகிதங்கள்’ போட்டார். மு. மேத்தாவின் ‘கண்ணீர்ப் பூக்கள்’ 1974. அதற்கப்புறம் ஹாஸ்டலுக்கு ஒரு டஜன் கவிஞர்கள் கிளம்பிவிட்டார்கள் என்று அந்தக் காலத்து ஆசாமிகள் இன்றும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதே மீராதான் அன்னம் பதிப்பகம் வைத்து, பேர் தெரியாத புதுப் பையன்களின் கவிதையைத் தேடித் தேடிப் படித்துப் புத்தகமாக்கினார். கூட்டமும் இருந்தது, கூட்டத்தைப் படிக்க ஆளும் இருந்தது.

கதவு திறந்திருந்ததால்தான், சின்ன வயசிலேயே பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்பட்ட துவரங்குறிச்சி சல்மாவின் தொகுப்பு 2000-ல் வந்தது. 2002-ல் பள்ளிக்கூட டீச்சர் சுகிர்தராணியுடையது. வாசலில் நின்று ‘இடமில்லை’ என்று சொல்ல ஒருத்தரை நியமித்திருந்தால், அவர் முதலில் திருப்பி அனுப்பியிருக்கப்போவது யாரை என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் மைக் செட்காரர் கேட்டது தப்பா? இல்லை. அவர் கேட்டது, எத்தனை பேர் பாடுகிறார்கள் என்பதை அல்ல. யார் கேட்கிறார்கள் என்பதை. அங்கேதான் எங்கள் மொய் வருகிறது.

மொய் தெரியும் அல்லவா? பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாசம் மொய் விருந்தே நடக்கும். கல்யாணம், காதுகுத்து ஒன்றும் வேண்டாம். கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். நோட்டில் ஏறும். நாளைக்கு அவர் விருந்து வைக்கும்போது நாம் வட்டிபோல மேலே வைத்துத் திருப்ப வேண்டும். அருமையான ஏற்பாடு, பாங்க் வருவதற்கு முன்னால் கிராமம் கண்டுபிடித்த பாங்க். எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு.

ஆனால் அதைக் கவிதைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? என் விழாவில் 96 போயிற்று என்றேனே, அதில் 81 பேர் கவிஞர்கள். எப்படித் தெரியும் என்றால், திருப்பிச் செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை 58 விழாவுக்குப் போய் 58 தொகுப்பு வாங்கியாயிற்று. பாக்கி 23. நாளது தேதி வரை நான் கடைசிப் பக்கம் வரை படித்தது நாலு. ஆனால் 58 பேருக்கும் பாராட்டு எழுதியிருக்கிறேன். ‘உங்கள் வரிகள் என்னை உலுக்கின’ என்று ஒரே வாக்கியம், பேரை மட்டும் மாற்றி. அவர்களும் எனக்கு எழுதினார்கள். அவர்களையும் என் வரிகள் உலுக்கியிருந்தன. ஊரே உலுங்கிக்கொண்டிருந்தது, ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

புத்தகத்தைத் திறந்தாலும் அப்படித்தான். வாழ்த்துரை, அணிந்துரை, நட்புரை, என்னுரை, நன்றியுரை. கவிதை 29-ம் பக்கம்தான் ஆரம்பிக்கும். அதற்குள் நமக்கு ஸ்டாப் வந்துவிடும்.

ஐயாவைத் தளை தட்டுகிறது என்று சொல்லி முடித்தார்கள். என்னை உலுக்குகிறது என்று சொல்லி முடித்தார்கள். ரெண்டிலும் படிக்கவில்லை என்பதுதான் ஒற்றுமை. அந்த வித்வான் மூணாம் பாட்டுக்கு மேல் போயிருக்க மாட்டார் என்பது என் சந்தேகம்.

கவியரங்கத்திலிருந்து வீடு வந்தபோது மேஜையில் ஒரு கட்டு கிடந்தது. கூட்டுறவு பாங்க்கில் காசாளராக இருக்கிற ஒரு நண்பர், என்னைவிட நாலைந்து வயசு இளையவர், அணிந்துரை கேட்டு ஒரு வாரம் முன்னால் கொடுத்தது. 84 கவிதைகள். வழக்கமாக நான் முதல் ரெண்டு, நடுவில் ஒன்று, கடைசி ஒன்று பார்த்துவிட்டு உலுக்கிவிடுவேன். அன்றைக்கு என்னமோ, பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மூன்று ராத்திரி ஆயிற்று.

நிலா 14 இடத்தில் இருந்தது. மழை 22. காதலி தொடர்ந்து பிரிந்துகொண்டே இருந்தாள். 51-வது கவிதையில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். நூறு நாள் வேலைக் கூலியை எடுக்க ஒரு கிழவி பாங்க்குக்கு வருகிறது. கொடுத்த பணத்தை எண்ணத் தெரியவில்லை. கூண்டுக்குள் இருக்கிறவனிடமே திருப்பி நீட்டி, சரியா இருக்கா பாரு ராசா என்கிறது. அவன் மறுபடி எண்ணிக் கொடுக்கிறான். அது மறுபடி நீட்டுகிறது. அவ்வளவுதான் கவிதை. கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறவனைத் தவிர வேறு யாரும் இதை எழுத முடியாது. நிலாவை எல்லாரும் பார்க்கிறோம்.

மறுநாள் போன் செய்து சொன்னேன். “84-ல ஒம்போது நல்லா இருக்கு தம்பி. அந்தக் கிழவி ரொம்ப நல்லா இருக்கு. அந்த ஒம்போதை மட்டும் வச்சுக்கிட்டு இன்னும் எழுதுங்க. அணிந்துரை அப்புறம் பார்ப்போம்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. “சரிண்ணே” என்று வைத்துவிட்டார். மூணு வாரம் ஆள் காணோம். போன் இல்லை, மெசேஜ் இல்லை. மொய் நோட்டிலிருந்து என் பேரைக் கிழித்துவிட்டார் என்றே நினைத்தேன். ஐயாவுக்கு அந்த வித்வான் செய்ததை நான் இவருக்குச் செய்துவிட்டேனோ என்று ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவர் வீட்டில் இப்போது கேஸ் அடுப்பு. அது ஒன்றுதான் ஆறுதல்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முகப்பில் பைக் சத்தம். அப்பச்சி, “வாங்க தம்பி, உள்ள இருக்கான்” என்கிறார். வந்தவர் உட்காரவில்லை.

“ஒம்போது இல்லண்ணே. பதினொண்ணு. ரெண்டை நான் விடமாட்டேன்.”

“சரி.”

“புதுசா ரெண்டு எழுதியிருக்கேன். ரெண்டும் பாங்க்குதான்.” கொடுத்தார். பிறகு பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். என் புத்தகம். 2019-ல் என் விழாவில் வாங்கியது. மடிப்புக் கலையாமல் இருந்தது. உள்ளே மட்டும் பேனாக் கோடுகள், நிறைய.

“அன்னைக்கு வாங்குனது மொய்யிண்ணே. தப்பா நெனச்சுக்காதீங்க. இப்பத்தான் படிச்சேன். நீங்க எனக்குச் செஞ்சதாலதான்.”

“ம்.”

“அறுபத்திரண்டு கவிதை இருக்கு. ஒண்ணு தேறும்ணே. 23-ம் பக்கம்.”

காபி வந்தது. பொதுவாக வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எனக்குக் காதெல்லாம் சூடு. ஒண்ணாம்! அறுபத்திரண்டில் ஒண்ணு! இவன் யார் சொல்ல என்று உள்ளே ஒருத்தன் குதித்துக்கொண்டிருந்தான். அவர் தன் பிரதியைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

பைக் சத்தம் தெருமுனை தாண்டியபிறகுதான் உறைத்தது. 23-ம் பக்கத்தில் என்ன கவிதை என்று எனக்கு ஞாபகமில்லை.

கொல்லையிலிருந்து ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அப்பச்சி ஒன்றும் கேட்காமல் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் பாதி ஏறியதும், ரொம்ப நம்பிக்கையோடு கேட்டார்.

“ஒண்ணு போதுமாப்பா, இல்ல எல்லாத்தையும் எறக்கிப்புடுவமா?”